சட்டைப் பைக்குள் சங்கீதம்

கிராமபோன் காலத்தில் வித்வான்களுக்கு ஒரு பெரிய தர்மசங்கடம் இருந்தது. ஒரே ராகத்தை இரண்டு மணி நேரம் விஸ்தாரமாகப் பாடக்கூடிய மேதாவியானாலும் சரி, இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவருக்குக் கிடைத்த இடம் மூன்று அல்லது நாலு நிமிஷந்தான். கேட்கிறவர்கள் பாடும் அதே பாடுதான். பாட்டில் மனம் லயிக்கத் தொடங்கும் சமயத்தில் யாராவது ஒருவர் எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டு, சாவி கொடுத்துவிட்டு வரவேண்டும். இன்றைக்கோ, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பெட்டி ஒன்றில் நகத்தளவு மெமரி கார்டைச் செருகி, இருநூறு கச்சேரிகளை முழுக் கச்சேரிகளாகவே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாம். கடைக்காரர்கள் இதை எம்.பி.3 பிளேயர் என்கிறார்கள்.

இந்தப் பெட்டிக்கு ஒரு மூதாதை உண்டு. 1979-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஜப்பானில் சோனி கம்பெனியார் 'வாக்மேன்' என்ற சிறு கேஸட் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த முதல் வாக்மேனில் காதுக் கருவி செருகுவதற்கு இரண்டு துவாரங்கள் இருந்தன. ஒருவர் மட்டும் தனித்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்று கம்பெனித் தலைவர் அகியோ மொரிட்டா கருதினாராம்! ஜனங்களோ அவ்வாறு கருதவில்லை. சில வருஷங்களில் இரண்டாவது துவாரம் மறைந்து போயிற்று. இன்று ரயில் வண்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம், "எந்த ஊருக்கு?" என்று கேட்பதற்கு முன்னால், அவர் காது திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கேஸட்டை ஒழித்தது ஒரு கணக்கு. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்திலுள்ள பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தாரும் அவர்களுடைய கூட்டாளிகளும் மனிதக் காதின் பலவீனத்தை ஆராய்ந்தார்கள். தவில் முழங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ இரகசியம் சொன்னால் நமக்குக் கேட்கிறதா? கேட்காது அல்லவா? கேட்காத ஒலியைச் சேமித்து வைப்பானேன்? இவ்விதம் பெரிய ஒலிகளின் மறைவில் ஒதுங்கும் சிறிய ஒலிகளைக் கழித்துக்கொண்டே போனதில், காம்பாக்ட் டிஸ்க்கில் வினாடிக்குச் சுமார் 14 லட்சம் 'பிட்' இடம் பிடித்த சங்கீதம் 1 லட்சத்து 28 ஆயிரத்துக்குள் அடங்கிவிட்டது. பதினொன்றில் ஒரு பங்கு! இந்தச் சிக்கனம் முற்றிலும் நஷ்டமில்லாதது என்று சொல்ல முடியாது. கடத்தில் விரல் விழும் கூர்மை சற்று மழுங்குவதைக் கவனமாகக் கேட்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பெரிய குறையன்று.

1998-இல் தென் கொரியாவின் சேஹான் கம்பெனி வெளியிட்ட 'எம்.பி.மேன்' அரை மணி நேரப் பாட்டையே தாங்கிற்று. 2001 அக்டோபர் 23-ஆம் தேதி அமெரிக்காவில் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் பையிலிருந்து எடுத்துக் காட்டிய ஐபாடில் ஆயிரம் பாட்டுகள் இருந்தன. விலை 399 டாலர். பிறகு செல்போன் வந்து யாவற்றையும் விழுங்கிற்று. 2022 மே மாதத்தில் ஐபாட் வம்சமே முடிவடைந்ததாக ஆப்பிள் கம்பெனியார் அறிவித்துவிட்டார்கள். வேறு சில கம்பெனிகள் இத்தகைய பெட்டிகளை இன்னும் செய்து வருகின்றன.

"ஸார், செல்போனிலேயே உலகத்துப் பாட்டெல்லாம் வரும்போது இந்தப் பெட்டி எதற்கு?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. சந்தா கட்டிக் கேட்கும் பாட்டு வாடகை வீடு மாதிரி. வசதிகளுக்குக் குறைவில்லை. ஆனால் சந்தா நின்றால் கதவு சாத்திக்கொள்ளும். சந்தா ஒழுங்காகக் கட்டினாலும், பாட்டுக்கு உரியவர்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் முறிந்தால், நேற்றுக் கேட்ட பாட்டு இன்று இராது. 'மைஸ்பேஸ்' என்ற அமெரிக்க ஸ்தாபனத்தில் லட்சக் கணக்கான பாடகர்கள் தங்கள் பாட்டுகளை ஒப்படைத்திருந்தார்கள். இயந்திரங்களை மாற்றும்போது பன்னிரண்டு வருஷத்துப் பாட்டுகள் அழிந்துவிட்டன என்ற செய்தி 2019-இல் வெளியாயிற்று. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை எத்தனையோ! பெட்டியில் இருக்கும் பாட்டு அப்படியல்ல. அது நம்முடையது, காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் நம்முடையதே.

இந்தப் பெட்டிகளை அமைத்தவர்கள் நம்முடைய கச்சேரியை மனத்தில் கொண்டு அமைக்கவில்லை என்பதும் உண்மை. பாடகர், ஆல்பம் என்று எழுத இடமிருக்கும். ராகத்துக்கும் தாளத்துக்கும் இடமிராது. பாட்டின் வகையைக் குறிக்கும் கட்டத்தில் நான் ராகத்தின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். 'காம்போதி' என்று தேடினால், அரியக்குடியும் மதுரை மணியும் அடுத்தடுத்து வந்து நிற்கிறார்கள்! பாட்டுகளைக் கலைத்துப் போட்டு வாசிக்கும் 'ஷபிள்' என்ற ஏற்பாடு சினிமாப் பாட்டுக்குச் சரி. கச்சேரிக்கு அதைப் பிரயோகித்தால் மங்களம் பாடி முடித்த கையோடு வர்ணம் ஆரம்பமாகிறது. ராகம், தானம், பல்லவி என்று மூன்று துண்டாகப் பிரித்த எம்.பி.3-களை வாசிக்கும்போது, சில கருவிகளில் துண்டுக்குத் துண்டு ஒரு விக்கல் விழும். வாங்குமுன் கடையிலேயே இதைச் சோதித்துக்கொள்வது நலம்.

எனினும், இந்தப் பெட்டி இல்லாமல் தீராது என்று எனக்குத் தோன்றியது வித்வான்களின் கச்சேரிகளால் அன்று. 1988-இல் எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றின்போது என் சித்தப்பா ஒரு கேஸட்டில் பாட்டியின் குரலைப் பதிவு செய்திருந்தார். நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, இரண்டு தாலாட்டு. பின்னணியில் மின்விசிறி கிறுகிறுவென்று சுற்றுகிறது. யாரோ காப்பி டம்ளரை வைக்கிறார்கள். ஓரிடத்தில் அடி மறந்து நின்று, "ஏண்டா, இதெல்லாம் அதிலே விழறதா?" என்று பாட்டி கேட்கிறாள். எத்தனை சந்தா கட்டினாலும் எந்தக் கம்பெனியும் இதைக் கொடுக்க முடியாது. போன வருஷம் அதைப் பெட்டிக்கு மாற்றினேன். எண்பது வயதான என் அத்தையின் ஒரு காதில் ஒரு குமிழையும் என் காதில் மற்றதையும் செருகிக்கொண்டு இருவருமாகக் கேட்டோம். பாட்டி மறந்த அடியை அத்தை பாடி நிரப்பினாள்.

மாற்றும் வித்தை பெரிதல்ல. கேஸட் கருவியையும் கம்ப்யூட்டரையும் ஒரு கம்பியால் இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் 'அடாசிட்டி' என்ற மென்பொருளில் பதிந்துகொள்ளலாம். அறுபது நிமிஷக் கேஸட்டுக்கு அறுபது நிமிஷம் ஆகும், அவசரப்பட வழியில்லை. கருவியின் தலைப்பகுதியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சினால் முதலில் துடைத்துவிட வேண்டும். எம்.பி.3-ஆகச் சுருக்காமல், ஒலியில் எதையும் கழிக்காத 'பிளாக்' என்ற வடிவத்தில் வைப்பது உத்தமம். மெமரி கார்டு சாசுவதமானதன்று. வருஷக் கணக்கில் மேஜை இழுப்பறையில் கிடந்தால் அதிலுள்ளது மங்கிப் போகலாம். எனவே மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வெளியூரிலிருக்கும் உறவினர் வீட்டில் வைப்பது வழக்கமாகட்டும்.

பெட்டியின் பாட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடாதீர்கள், சார்ஜ் ஏற்றாதீர்கள். குழந்தைகள் கையில் கொடுப்பதாயிருந்தால் ஒலியைக் குறைத்து வையுங்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்காத அளவுக்கு ஒலி இருந்தால், அது அதிகம்.

பழைய கேஸட்டுகளை எடுக்கும்போது ஒரு விஷயம். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சணம். அதைக் கருவியில் போட்டால் மற்றக் கேஸட்டுகளுக்கும் பரவும். எங்கள் வீட்டில் மீதியுள்ள பதினொன்றில் இரண்டு அப்படி இருக்கின்றன. அவற்றைத் தனியாக எடுத்துக் காகிதத்தில் சுற்றி, 'போடாதே' என்று எழுதி வைத்திருக்கிறேன். பழைய ரேடியோக்களையும் டேப் ரிக்கார்டர்களையும் பழுது பார்க்கும் கிழவர் ஒருவர் ஊரில் இருக்கிறார். பள்ளிக்கூட விடுமுறை ஆரம்பமானதும் இரண்டையும் அவரிடம் கொண்டுபோகப் போகிறேன்.