பாட மறுத்த அடார்னாப் பறவை

நாம் வாழும் நாடுகளில் பிலிப்பைன்ஸ் மக்கள் பலர் எமக்கு அயலவர்கள். அவர்களுக்கு 'இபொங் அடார்னா' பாடசாலைக் காலத்திலிருந்தே தெரிந்த கதைப்பாடல். ஸ்பானியர் ஆண்ட காலத்தில் தகாலொக் மொழியில் உருவானது. நான்கு வரி கொண்ட செய்யுள்களால் ஆனது. வரிக்கு எட்டு ஒலியசை. இந்த வகைப் பாடலைக் 'கொரிடோ' என்பார்கள். ஹோசே டி லா குரூஸ் என்ற புலவர் பாடியதாகச் சொல்வார்கள். ஆனால் அது உறுதியாகவில்லை.

பெர்பான்யா நாட்டு மன்னன் பெர்னாண்டோ கெட்ட கனவொன்று கண்டு நோயில் விழுகிறான். தாபோர் மலையில் வாழும் அடார்னாப் பறவையின் பாட்டே மருந்து என்கிறார் வைத்தியர். அந்தப் பறவை இரவில் ஏழு பாட்டுப் பாடும். ஏழு தடவை இறகின் நிறம் மாற்றும். கேட்பவர் உறங்கிவிடுவார். பிறகு அது இடும் எச்சம் மேலே பட்டால் கல்லாகிவிடுவார். மூத்த இளவரசர்கள் பெட்ரோவும் டியேகோவும் அப்படித்தான் கல்லானார்கள்.

இளையவன் ஹுவான் வழியில் கண்ட நோயாளிக் கிழவருக்குத் தன் பாணைக் கொடுக்கிறான். அவர் வழிகாட்ட, ஒரு துறவியிடம் போய்க் கத்தியும் ஏழு தேசிக்காயும் பெறுகிறான். ஒவ்வொரு பாட்டுக்கும் தன் கையைக் கீறி, காயத்தில் தேசிச்சாறு பிழிந்து, அந்த எரிவிலேயே விழித்திருக்கிறான். பறவையைப் பிடித்து, அண்ணன்மாரையும் மீட்கிறான். அவர்களோ திரும்பும் வழியில் அவனை அடித்துப் போட்டுவிட்டுப் பறவையுடன் அரண்மனை சேர்கிறார்கள்.

அவர்கள் சொன்ன கணக்கில் எவருக்கும் பிழை தெரியவில்லை. ஆனால் பறவை பாடவில்லை. மன்னனின் நோயும் தீரவில்லை. ஹுவான் உயிரோடு வந்து சேர்ந்த பிறகே அது வாய் திறக்கிறது. நடந்ததெல்லாம் பாட்டாக வெளிவருகிறது. மன்னன் குணமடைகிறான். மூத்தவர்களைத் தண்டிக்க அவன் எழும்போது, மன்னித்துவிடுங்கள் என்று ஹுவானே வேண்டுகிறான்.

'நடந்ததை மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள்' என்று எமக்கு அடிக்கடி சொல்கிறார்கள். நாம் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அது நடக்கும் ஒழுங்கை. முதலில் உண்மை சபையில் சொல்லப்படுகிறது. அதன் பிறகே மன்னிப்புப் பற்றிய பேச்சு வருகிறது. அதையும் அடிபட்டவனே கேட்கிறான். அவனுக்காக வேறு எவரும் மன்னித்துவிடவில்லை.

அண்ணன்மார் பின்னரும் சூது செய்கிறார்கள் என்பதையும் கதை மறைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்தப் பகுதியை நாமும் விட்டுவிடாமல் சொல்வோம்.