சுடோகுவுக்கு எண்ணே வேண்டாம், தெரியுமா?

மரப்பலகையில் 81 குழிகள். பக்கத்தில் ஒன்பது நிறங்களில், நிறத்துக்கு ஒன்பதாக 81 கோலிக்குண்டுகள். ஒரே வரிசையிலோ, ஒரே பத்தியிலோ, மூன்றுக்கு மூன்று பெட்டியிலோ ஒரு நிறம் இரண்டு தடவை வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் நிறச் சுடோகு! எண்ணே அறியாத வாண்டுகூட உட்கார்ந்து ஆடலாம்.

எண்ணை எடுத்துவிட்டால் சுடோகுவில் என்ன மிஞ்சும்? எல்லாமே மிஞ்சும்! அங்கே கூட்டல் இல்லை, கழித்தல் இல்லை, 3-ஐவிட 7 பெரிது என்பதுகூடச் செல்லாது. ஒன்பது எண்களும் வெறும் ஒன்பது பெயர்கள். கணிதத்தில் இதை வண்ணம் தீட்டும் கணக்காகவே பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சரியாக 20 எதிராளிகள்: வரிசையில் 8, பத்தியில் 8, பெட்டிக்குள் மிச்சம் 4. அந்த இருபதில் ஒன்றுகூடத் தன் நிறத்தில் இருக்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்து மாவட்டங்கள் ஒரே நிறமாகிவிடாமல் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவோமே, அதே குடும்பம்தான் இது! எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்று 1976-ல் கம்ப்யூட்டர் துணையோடு நிரூபித்தார்கள். இங்கே ஒன்பது வேண்டும்.

நிறம் என்றால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணாக இருந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மனசுக்குள் ஓட்டி, விடுபட்டதைச் சட்டென்று பிடித்துவிடலாம். நிறத்துக்கு ஏது வரிசை? எட்டு கோலிகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு "எது இல்லை?" என்று தேடும்போதுதான் எண்வரிசை இத்தனை நாள் நமக்குக் கைகொடுத்தது புரியும். ஆனால், பலகை முழுக்கப் பச்சை எங்கெங்கே என்று கேளுங்கள், கண் ஒரே வீச்சில் அள்ளிக்கொண்டு வரும்!

இன்னொன்று தெரியுமா? ஒரே விடை உள்ள புதிர் வேண்டுமானால், ஆரம்பத்தில் வைக்கும் கோலிகளிலேயே குறைந்தது எட்டு நிறங்கள் இருந்தாக வேண்டும். சிவப்பும் நீலமும் ஆரம்பத்தில் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடையில் சிவப்பு இருக்கும் இடத்திலெல்லாம் நீலத்தையும், நீலத்தின் இடத்தில் சிவப்பையும் மாற்றி வைத்தால், அதுவும் சரியான விடைதான்! கோலிகளின் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. 16 கோலிகளோடு தொடங்கி ஒரே விடையில் முடியும் புதிர் கிடையவே கிடையாது, குறைந்தது 17 வேண்டும் என்று 2012-ல் டப்ளினில் கணிதவியலாளர் கேரி மெக்வயரின் குழு கம்ப்யூட்டரால் அலசி அறிவித்தது.

முடித்த ஒரு பலகையின் நிறங்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டே போனால் 3,62,880 பலகைகள் வரும். நிமிடத்துக்கு ஒன்று என்று தூங்காமல் மாற்றினாலும் 252 நாட்கள்!

ஜப்பானில் 1984-ல் நிக்கோலி நிறுவனம் இந்தப் புதிருக்கு வைத்த பெயருக்கு, எண்கள் கல்யாணமாகாமல் தனித்தே இருக்க வேண்டும் என்று பொருள். அதன் சுருக்கம்தான் சுடோகு. அதற்கு முன்பே 1979-ல் அமெரிக்கப் புதிர் இதழ் ஒன்றில் இது வந்துவிட்டது. உருவாக்கியவர் ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்கிறார்கள்.

அதற்கும் 20 ஆண்டு முன்னால் நடந்ததுதான் எனக்கு ஆகப் பெரிய அதிசயம். பத்துக்குப் பத்து சதுரம், பத்தே நிறங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம். எந்த வரிசையிலும் பத்தியிலும் வெளிநிறமும் திரும்பக் கூடாது, உள்நிறமும் திரும்பக் கூடாது, நூறு கட்டங்களில் எந்த ஜோடியும் மறுபடி வரக் கூடாது. இப்படியொரு சதுரமே இருக்க முடியாது என்று 1782-ல் கணித மாமேதை ஆய்லர் கணித்திருந்தார். 177 ஆண்டுகள் கழித்து அந்தக் கணிப்பை உடைத்தவர்கள் மூவர்: ஆர்.சி. போஸ், எஸ்.எஸ். ஷ்ரிகண்டே, ஈ.டி. பார்க்கர். முதல் இருவரும் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் பிறந்த நம் நாட்டுக்காரர்கள்! நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. 1959 நவம்பர் சயன்டிஃபிக் அமெரிக்கன் அட்டையில் எமி கசாயின் ஓவியமாக அந்தச் சதுரமே வந்தது. அதில் ஓர் எண்கூட இல்லை. நூறு கட்டங்களும் நிறங்கள்தான்!