விரலும் விளக்கும்

எண்ணுதல் மனிதன் கற்ற மிகப் பழைய கலைகளுள் ஒன்று. நெல்லளப்போர் முதல் அளவையை ஒன்று என்னாது லாபம் என்று தொடங்கி, இரண்டு, மூன்று என உரத்துச் சொல்லி அளக்கும் வழக்கம் தமிழர் வாழும் ஊர்களிற் பன்னெடுங் காலமாக இருந்து வந்துள்ளது. அக்குரல் மங்கலங் கருதி மட்டும் எழுந்ததன்று. அளப்பவர் கூறும் ஒவ்வோர் எண்ணையும் விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே கேட்கின்றனர். பிழை நேரின் அவ்விடத்திலேயே மறுத்துரைக்கின்றனர். இவ்வாறு எண்ணிக்கை பலர் அறிய நிகழும் செயலாகின்றது. மனிதனுக்குப் பதிலாகப் பொறி எண்ணத் தொடங்கிய பின்னர், அக்குரலின் இடத்தை ஒரு சிறு விளக்குப் பெற்றுள்ளது. பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு எரிகிறது, எண்ணிக்கை நிகழ்ந்துவிட்டதென அமைதி கொள்கிறோம். அவ்விளக்கு உண்மையில் எதனைத் தெரிவிக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

எளியதோர் உதாரணத்தை முதலிற் காண்க. முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கித் தெற்கே செல்லும் கரையோர வீதி நாயாற்றுக் களப்பின் வாயைப் பாலத்தாற் கடக்கின்றது. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு; இரண்டிலும் தொழில் செய்வோர் வாழும் ஊர் நாயாறு. அங்குள்ள வாடியொன்றில், கரைக்கு வரும் மீன்கூடைகளை எண்ணுவதற்குத் தொடுபலகை ஒன்று வைக்கப்பட்டுள்ளதெனக் கொள்க. பலகையில் ஒரு பொத்தானும் அதன் மேலே நான்கு விளக்குகளும் உள. கூடை ஒன்று இறங்குந்தோறும் பொத்தானை ஒருமுறை தொடுதல் வேண்டும். தொகையை விளக்குகள் காட்டுதல் வேண்டும். இதனிலும் எளிய வேலை பொறிக்கு இல்லையென்று தோன்றும். ஆயினும் அதற்குரிய செய்நிரலை எழுதப் புகுவோர் நான்கு இடர்ப்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எதிர்கொள்வர்.

முதலாவது, தொடுதல் என்பது யாது என்னும் வினா. பொறி ஒரு செக்கனுள் பல நூறு முறை பொத்தானின் நிலையை நோக்குகின்றது. விரல் அரைச் செக்கன் தங்கினும், நோக்குந்தோறும் தொடப்பட்டுள்ளது என்ற விடையே கிடைக்கும். அவ்விடை ஒவ்வொன்றுக்கும் ஒன்றைக் கூட்டினால், ஒரு கூடை நூறு கூடையாகிவிடும். ஆதலின் பொறி இப்போதுள்ள நிலையை மட்டுமன்றிச் சற்று முன் இருந்த நிலையையும் நினைவில் வைத்தல் வேண்டும். முன்னர்த் தொடப்படாதிருந்து இப்போது தொடப்பட்டுள்ளதாயின் மட்டுமே ஒன்றைக் கூட்டுக என்பது விதி. விரலை எடுத்து மீண்டும் வைக்கும்வரை அடுத்த எண் பிறவாது.

இரண்டாவது, நடுக்கம். சாதாரண ஆளியின் உலோகத் தகடுகள் ஒன்றோடொன்று முட்டும்போது, நிலைபெறுமுன் சில மில்லிசெக்கன் நேரம் துள்ளுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அத்துள்ளல்களைப் பொறி தனித்தனி அழுத்தங்களாக எண்ணிவிடும். தொடுபலகையில் உலோகத் தகடு இல்லை. விரல் அணுகும்போது ஏற்படும் மின் கொள்ளளவ மாற்றத்தையே அது உணர்கின்றது. ஆயினும் அதற்கும் வேறொரு பகை உண்டு. உப்புநீர் மின்னைக் கடத்துவது. ஈரக் கையுடன் தொடுமிடத்துப் பலகையிற் படியும் நீர்ப்படலம் விரலைப் போன்று தோன்றி, தொடாத தொடுதல்களைத் தோற்றுவிக்கும். இரண்டுக்கும் மருந்து பொறுமையே. நிலை மாறியதும் உடனே நம்பிவிடாது, 20 முதல் 50 மில்லிசெக்கன் வரை காத்திருந்து, அம்மாற்றம் நிலைத்து நின்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுமாறு செய்நிரல் எழுதப்படும். படிந்த நீர் நீடித்து நிற்குமாயின் பொறுமையும் பயன்படாது. பலகையைத் துடைப்பதே வழி.

மூன்றாவது, தொகையை விளக்குகளாற் காட்டும் முறை. நான்கு விளக்குகளால் நான்கு வரையே எண்ணலாமெனக் கருதுதல் வேண்டா. முதல் விளக்குக்கு 1, அடுத்ததற்கு 2, அதற்கடுத்து 4, இறுதியில் 8 எனப் பெறுமதி அளிப்பின், 0 முதல் 15 வரையுள்ள எல்லா எண்களையும் காட்டலாம். பதினொரு கூடைகள் இறங்கியிருப்பின் 8, 2, 1 என்னும் மூன்று விளக்குகள் எரியும். இதுவே துவித எண்முறை. தொகையை 2 ஆல் வகுத்து மீதியை முதல் விளக்குக்கும், ஈவை மீண்டும் 2 ஆல் வகுத்து அதன் மீதியை இரண்டாம் விளக்குக்கும் என இவ்வாறே கொடுத்துச் செல்லச் செய்நிரலுக்குக் கற்பித்தல் எளிது. பதினாறாவது கூடை இறங்கியதும் எல்லா விளக்குகளும் அணைந்து தொகை பூச்சியமாகத் தோன்றும். ஆகவே எல்லை வந்துவிட்டதென அறிவிக்கும் ஐந்தாம் விளக்கொன்று வேண்டும். இல்லையேல் நிறைந்த வாடி வெறும் வாடியாகக் கணக்கிற் காணப்படும்.

நான்காவதே மிக முக்கியமானது. விளக்கு எப்போது எரிதல் வேண்டும்? விரல் பட்டவுடன் எரியச் செய்தல் எளிது; ஆனால் அவ்விளக்கு, விரல் பட்டது என்பதனை மட்டுமே கூறும். கூடை கணக்கில் ஏறியதா என்பதனை அது அறியாது. இடையில் மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம். நினைவகத்தில் எண் எழுதப்படாதிருக்கலாம். நேரிய செய்நிரலில் ஒழுங்கு இவ்வாறு அமையும்: தொடுதலை ஏற்றல், ஒன்றைக் கூட்டல், மின்சாரம் போயினும் அழியாத நினைவகத்தில் எழுதல், எழுதியதை மீள வாசித்தல், வாசித்த எண்ணுக்கேற்ப விளக்கை ஏற்றல். அதாவது விளக்கு விரலுக்குக் கட்டுப்படலாகாது. ஏட்டில் ஏறிய எண்ணுக்கே கட்டுப்படல் வேண்டும். இவ்வேற்றுமை மீன்வாடியிற் சிறிது. சம்மாட்டியும் வியாபாரியும் வேண்டுமாயின் கூடைகளை மீள எண்ணிக் கொள்வர். எண்ணப்பட்ட பொருள் மீண்டும் எண்ண முடியாததாயின் யாது செய்வது?

அத்தகைய பொருளொன்று உண்டு. அது மக்களின் வாக்கு. பொத்தான், விளக்கு, எண்ணி என்னும் மூன்றும் சேர்ந்த பொறிகளுள் மிகப் பெருந்தொகையான மக்களின் விரல் பட்டது இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமே. பெங்களூர் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ், ஐதராபாத் எலெக்ட்ரோனிக்ஸ் கோர்ப்பரேசன் என்னும் இரு அரச நிறுவனங்கள் அதனைச் செய்கின்றன. சுஜாதா என்னும் புனைபெயராற் புகழ்பெற்ற எழுத்தாளர் ரங்கராஜன், பொறியியலாளராக அதன் ஆக்கத்திற் பங்குகொண்டவர் என்பது தமிழர் பலரும் அறிந்ததே.

இவ்வியந்திரம் இரு பகுதிகளை உடையது. கட்டுப்பாட்டு அலகு தேர்தல் அலுவலரிடம் இருக்கும். வாக்களிக்கும் அலகு மறைப்பினுள் வாக்காளர் முன் இருக்கும். அலுவலர் தம் பொத்தானை அழுத்தி ஒரு வாக்குக்கு அனுமதி அளித்ததும், அவரிடத்தே சிவப்பு விளக்கும் வாக்காளரிடத்தே பச்சை விளக்கும் எரியும். வாக்காளர் தாம் விரும்பிய வேட்பாளரின் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரேயுள்ள நீலப் பொத்தானை அழுத்த, அப்பெயரின் அருகே சிவப்பு விளக்கு எரிந்து ஒலியொன்றும் எழும். உடனே அலகு பூட்டிக்கொள்ளும். அதன்பின் எத்துணை முறை அழுத்தினும், அலுவலர் மீண்டும் அனுமதி அளிக்கும்வரை ஒரு வாக்கும் ஏறாது. மீன்வாடிப் பலகையிற் கண்ட முதல் விதியே ஈண்டு சட்டத்தின் வலிமை பெற்று, ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் கொள்கையாய் நிற்கின்றது. ஓர் அலகில் 16 பொத்தான்கள் உள. பிந்திய வகை இயந்திரத்தில் 24 அலகுகளைத் தொடுத்து 384 பெயர்கள் வரை கொள்ளலாம். எனினும் 1996 இல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சித் தொகுதியிற் போட்டியிட்ட 1033 பேருக்கு அதுவும் போதாது. அத்தேர்தல் புத்தகமாகக் கட்டிய வாக்குச்சீட்டாலேயே நடைபெற்றது.

இயந்திரத்தின் வரலாறு சட்டத்தோடு பிணங்கியே தொடங்கிற்று. 1982 மே 19 இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதல் வைக்கப்பட்டது. சிவன் பிள்ளை 123 வாக்கு வேறுபாட்டால் வென்றார், தோற்ற ஏ. சி. ஜோஸ் வழக்குத் தொடர்ந்தார். வாக்குச்சீட்டு என்றே கூறும் சட்டத்தின் கீழ் இயந்திரத்தைப் பயன்படுத்த அதிகாரமில்லையென 1984 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த 50 சாவடிகளிலும் மறு வாக்களிப்புக்கு ஆணையிட்டது. மறு வாக்களிப்பில் வெற்றி ஜோஸின் பக்கம் சென்றது. பின்னர் 1988 இற் சட்டம் திருத்தப்பட்டது. 1998 இல் மத்தியப் பிரதேசம், இராசஸ்தான், தில்லி ஆகியவற்றின் 16 தொகுதிகளிலும், 2001 இல் தமிழ்நாடு முழுவதிலும், 2004 இல் இந்தியப் பாராளுமன்றத்தின் 543 தொகுதிகளிலும் பொத்தானே வாக்குச்சீட்டாயிற்று.

பொத்தானருகே எரியும் சிவப்பு விளக்கு வாக்காளருக்கு எதனை உறுதிசெய்கின்றது? அழுத்தம் ஏற்கப்பட்டது என்பதனை. அவ்வாக்கு உரிய பெயரின் கணக்கில் ஏறி, மாலைவரை மாறாது நின்றது என்பதனை அவ்விளக்கால் மட்டும் அறிய இயலாது. இஃது ஏட்டளவிலான ஐயம் என ஒதுக்கற்பாலதன்று. 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில், மின்னணு முறையால் நடந்த தேர்தலில் வேட்பாளர் ஒருவருக்கு 4096 வாக்குகள் மிகையாக வந்தன. அவர் பெறக்கூடிய உச்சத் தொகையையும் அது விஞ்சியமையாலேயே பிழை வெளிப்பட்டது. 4096 என்பது 2 ஐப் பன்னிரு முறை பெருக்கிய எண். நாயாற்றுப் பலகையை நீட்டினால் பதின்மூன்றாவது விளக்கின் பெறுமதி அதுவே. நினைவகத்தில் ஓர் இடம் தானே புரண்டு 0 என்பது 1 ஆகிவிட்டதென வல்லுநர் முடிவு செய்தனர். சதி செய்தாரென எவரையும் காணவில்லை. பொத்தானும் விளக்கும் பழுதின்றி இயங்கின. எண்ணிக்கை மட்டும் பிழைத்தது. மிகை சிறிதாயிருந்திருப்பின் எவர் கண்ணிலும் பட்டிராது.

ஆகவே பொறி வைத்த எண்ணுக்குப் பொறிக்கு வெளியே ஒரு சாட்சி தேவைப்படுகின்றது. இந்தியா இதற்கு இரு வழிகளைக் கைக்கொண்டது. ஒன்று, வாக்களிப்புத் தொடங்குமுன் கட்சி முகவர் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகளை ஒத்திகையாக இட்டு, முடிவைச் சரிபார்த்து, பின்னர் எண்ணியைப் பூச்சியமாக்குதல். மற்றையது, 2013 இல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதல் வைக்கப்பட்ட அச்சுப்பொறி. வாக்களித்ததும் வேட்பாளரின் பெயரும் சின்னமும் தாங்கிய காகிதத் துண்டு கண்ணாடியின் பின்னே 7 செக்கன் தோன்றி, பெட்டியுள் விழும். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் துண்டுகளைக் கையால் எண்ணி ஒப்பிடுமாறு 2019 இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. எல்லாத் துண்டுகளையும் எண்ணல் வேண்டுமென்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் அது மறுத்துவிட்டது. செருமனியின் அரசியலமைப்பு நீதிமன்றமோ 2009 மார்ச்சில் வேறொரு நிலையை எடுத்தது: தேர்தலின் இன்றியமையாப் படிகளைத் தனிப்பட்ட நுட்ப அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்கக்கூடியதாக இருத்தல் வேண்டும், அவர்கள் பயன்படுத்திய இயந்திரம் அவ்வாறில்லை. விரலுக்கும் ஏட்டுக்கும் இடையிலுள்ள தொலைவை எவ்வாறு கடப்பது என்னும் ஒரே வினாவுக்கு அளிக்கப்பட்ட இரு விடைகள் இவை.

இலங்கையில் வாக்குச்சீட்டும் கையெண்ணிக்கையும் இன்னும் நிலவுகின்றன. முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்தில் நாயாற்று வாக்காளரும் அடங்குவர். பாராளுமன்றத் தேர்தலில் அவர்கள் ஒரு கட்சிக்கு அல்லது குழுவுக்கு வாக்களித்து, அதன் வேட்பாளருள் மூவர் வரை விருப்பு வாக்கும் அளிக்கலாம். சனாதிபதித் தேர்தலில் முதலாம், இரண்டாம், மூன்றாம் விருப்பெனத் தரவரிசை இடலாம். 2024 செப்ரெம்பர் 21 ஆம் நாள் நடந்த தேர்தலில் எவரும் அரைப்பங்குக்கு மேற் பெறாமையால், சனாதிபதித் தேர்தல் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாம் விருப்புகள் எண்ணப்பட்டன. இத்தகைய வாக்கைப் பதியும் பொறி, பெயருக்கு ஒன்றாகக் கூட்டிச் செல்வதுடன் அமைதல் இயலாது. முதல் விருப்பும் இரண்டாம் விருப்பும் ஒரே வாக்காளருடையன என்னும் தொடர்பை இழவாது காத்தல் வேண்டும். அதே வேளை அவ்வாக்காளர் யார் என்பதனை அறவே மறத்தலும் வேண்டும். காகிதச் சீட்டு இவ்விரண்டையும் தன் இயல்பாலேயே செய்கின்றது. பொறியோ இரண்டையும் கற்பிக்கப்பட்டே செய்தல் வேண்டும். இந்நாட்டில் என்றாவது பொத்தான் முறை வருமாயின், மாணவரும் ஆசிரியரும் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு விரைவில் எண்ணும் என்பதன்று. விளக்கு எரிவது எதற்குப் பின்னர், அவ்வெண் பிழைத்தால் அறிவது எவ்வாறு என்னும் இரண்டுமே.

நெல்லளப்போரின் குரல் அளவை நிறைந்த பின்னரே எழுந்தது, நிறையுமுன் எழுந்ததில்லை. அதனைக் கேட்போரும் அருகிலேயே இருந்தனர். எண்ணியபின் விளங்குக, விளங்கியதைப் பிறரும் சரிபார்க்க விடுக என்னும் இரு விதிகளும் அக்குரலில் அடங்கியிருந்தன. தொடுபலகைக்குச் செய்நிரல் எழுதும் இளைஞருக்கும், தேர்தற் பொறியை அமைக்கும் நாடுகளுக்கும் அவ்விரண்டுமே போதிய இலக்கணமாகும்.