வாயால் சொன்ன கோட்டா சீட்

பச்சை குத்திக்கொண்ட விவகாரத்தில் ஐந்து கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து போட்டிகள் ஆடத் தடை. 2010 டிசம்பரில் இப்படித் தண்டித்தது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக அணியினரான அவர்கள், தங்கள் மோதிரங்களையும் சட்டைகளையும் விற்றுப் பணம் பெற்றார்கள், சலுகை விலையில் பச்சையும் குத்திக்கொண்டார்கள் என்பது குற்றம். தெரிந்தும் மறைத்த பயிற்சியாளர் ஜிம் டிரெஸ்ஸல் அடுத்த மே மாதம் பதவி விலகினார். ரெஜி புஷ் என்ற கல்லூரி ஆட்டக்காரரின் விவகாரம் இன்னும் பெரியது. அவருக்கு ஏஜென்டாக விரும்பியவர்களிடம் அவர் குடும்பம் வீடு உள்ளிட்ட சலுகைகளைப் பெற்றதாக விசாரணையில் முடிவாயிற்று. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 2005இல் வென்றிருந்தவர், அதை 2010இல் திருப்பிக் கொடுத்தார். (இவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. நம் கால்பந்து அல்ல அது, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்து ஓடும் ஆட்டம்.) படிப்புச் செலவுக்கு மேல் ஆட்டக்காரன் எதுவும் வாங்கக் கூடாது என்ற விதி இருந்த அதே காலத்தில், ஆட்டத்தை டிவிக்கு விற்றுப் பெரிய பல்கலைக்கழகங்கள் கோடிகளில் புரண்டன. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே பெயரையும் படத்தையும் வைத்து ஆட்டக்காரர்கள் சம்பாதிக்க வழி திறந்தது. 2024இல் புஷ்ஷுக்குக் கோப்பை திரும்பி வந்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம் என்றாயிற்று; முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர்.

ஆட்டக்காரன் சலுகை வாங்குவதே குற்றம் என்பது கோவை அருகே சூலூரில் இருப்பவருக்கு விநோதமாகத் தோன்றும். திருச்சி சாலை, அவிநாசி சாலைக் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றால் ஃபீஸ் குறையும், ஹாஸ்டலும் மெஸ்ஸும் இலவசமாகக் கிடைக்கலாம் என்பது ஊரறிந்த சங்கதி. அதில் தவறே இல்லை. விசைத்தறித் தொழிலாளியின் பிள்ளை பட்டம் வாங்க அதுவும் ஒரு வழி. என் கேள்வி, அந்தச் சலுகை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கான 500 இடங்களுக்கு விதி, சான்றிதழ் சரிபார்ப்பு, தரவரிசை எல்லாம் உண்டு. தனியார் கல்லூரியின் சலுகையோ பல நேரம் பிசிகல் டைரக்டரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் முழங்கால் தசைநார் கிழிந்தால் ஃபீஸ் யார் கட்டுவது? டைரக்டர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் அவர் கொடுத்த வாக்கு யாரைக் கட்டும்? பாதியில் விலகினால் சான்றிதழைத் திருப்பித் தருவார்களா? மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018இலேயே சொல்லிவிட்டது. ஆட வந்த மாணவனுக்கும் அது பொருந்தும்.

"சும்மா படிக்க வைக்கிறோம், இதற்கு ஒப்பந்தம் வேறா?" என்று நிர்வாகங்கள் கேட்கலாம். ஆனால் கோப்பையோடு நிற்கும் அணியின் படம் அட்மிஷன் விளம்பரத்தில் வருகிறதே. அது தர்மமல்ல, கொடுக்கல் வாங்கல். எழுத்தில் கேட்டால் சிறிய கல்லூரிகள் சலுகையையே நிறுத்திவிடும் என்ற அச்சத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுத்தில் தர வக்கீல் வைத்துப் பத்திரம் எழுத வேண்டியதில்லை, கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் போதும். காசு வந்தால் படிப்பு கெடும் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவில்லை. காலை மாலை இரு வேளையும் மைதானத்தில் நிற்பவனின் படிப்பைக் கெடுப்பது பயிற்சி நேரம். அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

ஆகவே பெற்றோர்களே, கோட்டா சீட் கிடைத்த மகிழ்ச்சியில் தலையாட்டிவிட்டு வராதீர்கள். சலுகை எத்தனை ஆண்டுக்கு, அடிபட்டால் தொடருமா, பாதியில் விலகினால் டி.சி. தருவார்களா என்ற மூன்றுக்கும் பதிலை முதல்வர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள்.