ஹீட்டர் பழுதா? முதலில் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள்

குளித்துக்கொண்டிருக்கும்போது வெந்நீர் திடீரெனக் குளிர்ந்துவிடும். அல்லது ஷவரைத் திறந்ததும் வீடு முழுவதும் மின்சாரம் போய்விடும். உடனே தெரிந்த ‘ஹேண்டிமேன்’ ஒருவரை அழைத்துப் புதிய ஹீட்டரை மாட்டிவிடுவது பலரது வழக்கம். ஹீட்டரை மாற்றும்போது அதற்கு மின்சாரம் வரும் வழியையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. பழைய வீடுகளில் இந்தக் கவனக்குறைவு உயிருக்கே ஆபத்தாகலாம்.

தோ பாயோ 1960களில் உருவாகத் தொடங்கிய நகர். 1973 தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்கிய புளோக்குகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. அந்தக் காலத்தில் கட்டப்பட்ட வீடுகளில் குளியலறை ஹீட்டர் என்பது பின்னாளில் வந்து சேர்ந்த வசதி. கம்பியிணைப்பு எப்போது, யாரால், எப்படிச் செய்யப்பட்டது என்பது இப்போது குடியிருப்பவருக்குத் தெரியாமலே இருக்கலாம்.

ஆர்சிசிபி இருக்கிறதா?

வாசலருகே இருக்கும் மின்பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சுவிட்சுகள் தெரியும். அவற்றில் ‘டி’ அல்லது ‘டெஸ்ட்’ என்ற சிறு பொத்தானுடன் இருப்பதே ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் தடுப்புச் சாதனம்.

வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். ஹீட்டரிலிருந்து தண்ணீர் வழியாகவோ மனித உடல் வழியாகவோ மின்சாரம் கசிந்தால் அந்தக் கணக்கு இடிக்கும். வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டுவதற்குள் ஆர்சிசிபி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பக்கத்தில் இருக்கும் மற்ற சுவிட்சுகள் இந்த வேலையைச் செய்யமாட்டா. 20 ஆம்பியர் சுவிட்ச் என்றால் 20,000 மில்லிஆம்பியருக்கு மேல் போனால்தான் அது விழிக்கும். உயிரைப் பறிக்க அதில் மிகச் சிறு பங்கு போதும்.

1985 ஜூலைக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஆர்சிசிபி இல்லாமல் இருக்கலாம். எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்ற விதி 2023ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. இல்லாதவர்கள் பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் தரப்பட்டது. அந்தத் தேதி கடந்துவிட்டது. உங்கள் வீட்டு மின்பெட்டியில் சோதனைப் பொத்தான் எதுவும் தென்படவில்லை என்றால், புதிய ஹீட்டர் வாங்குவதற்குமுன் அதைக் கவனியுங்கள்.

ஆர்சிசிபி இருந்தாலும் மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். அப்படி நடக்காவிட்டால் அது பெயருக்குத்தான் அங்கே இருக்கிறது.

பிளக் ஏன் கூடாது?

தமிழ்நாட்டில் 16 ஆம்பியர் பெரிய பிளக்கில் கீசரை மாட்டிப் பழகியவர்கள் இங்கும் அப்படியே செய்யலாம் என்று நினைப்பதுண்டு. இங்குள்ள மூன்று முனை பிளக் 13 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3 கிலோவாட்தான் தாங்கும். 3.3 கிலோவாட் உடனடி ஹீட்டர் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வித்தியாசம் சிறிது என்பதால் ஃபியூஸ் உடனே போகாது. பிளக் மட்டும் தினமும் சூடேறிச் சூடேறி ஒருநாள் உருகும்.

ஹீட்டருக்கென மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி வர வேண்டும். குளியலறைக்கு வெளியே இரட்டைத் துருவ சுவிட்ச் இருக்க வேண்டும். இந்தச் சுவிட்ச் மின்சாரம் வரும் கம்பி, திரும்பும் கம்பி இரண்டையும் ஒருசேரத் துண்டிக்கும்.

ஹீட்டர் சரியாகும்வரை வாளியில் ‘ஹீட்டர் ராடு’ போட்டுச் சமாளிப்பதும் வேண்டாம். அடுப்பில் ஒரு பானை நீர் காய்ச்சினால் போதும்.

கோளாறு எங்கே?

சூடு போதவில்லை என்றால் எப்போதும் ஹீட்டர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. 3.3 கிலோவாட் ஹீட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் நீரை ஏறக்குறைய 24 டிகிரி வரை சூடாக்கும். 4 லிட்டர் ஓடினால் 12 டிகிரிதான். குழாயைச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

தண்ணீர் மெதுவாக வந்தால் ஷவர் தலையிலோ நீர் நுழையும் இடத்து வடிகட்டியிலோ அடைப்பு இருக்கலாம். ஓட்டம் மிகக் குறைந்தால் உடனடி ஹீட்டர் இயங்கவே இயங்காது. மேல் மாடிகளில் நீரழுத்தம் குறைவு என்று பம்ப் வைத்த ஹீட்டர் வாங்கியவர்கள், பம்ப் சத்தம் கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். சுவிட்சை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஷவரைத் திறந்ததும் ஆர்சிசிபி விழுந்தால், ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். அது நின்றால் கோளாறு ஹீட்டரில்தான். சூடேற்றும் கம்பியின் காப்பு பழுதாகி மின்சாரம் கசியலாம். திரும்பத் திரும்ப ஏற்றி எப்படியாவது குளித்துவிட முயலாதீர்கள்.

குழாயைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? ஈரமில்லாத கையால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்பணியாளர் வந்து பார்க்கும்வரை யாரும் அந்தக் குளியலறையைப் பயன்படுத்த வேண்டாம்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

ஷவர் தலை, குழாய், வடிகட்டி, வாஷர் போன்றவற்றை மாற்றிச் சமாளிக்கலாம். கருகிய வாடை, உருகிய கம்பி, உடைந்த மூடி, தொட்டியிலிருந்து கசிவு என்றால் புதிது வாங்குவதே நல்லது. வாங்கும்போது சிங்கப்பூரின் ‘சேஃப்டி மார்க்’ பாதுகாப்பு முத்திரை உள்ளதா எனப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த கீசர் வேண்டாம்.

தொட்டி வகை ஹீட்டரில் அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு இருக்கும். நீர் சூடாகும்போது அதிலிருந்து சில சொட்டுகள் விழக்கூடும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவிட்டால் அழுத்தம் வெளியேற வழியின்றித் தொட்டி வெடிக்கக்கூடும்.

யாரை அழைப்பது?

மின்கம்பி வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர் மட்டுமே செய்யலாம். ஆணையத்தின் இணையத்தளத்தில் அவரது பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். உரிம அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தொட்டி வகை ஹீட்டர் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரும் தேவை.

பழைய வீட்டில் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியர் என்றால், கூடுதல் திறனுள்ள ஹீட்டர் வாங்குமுன் வீட்டின் மொத்த மின்சுமையைக் கணக்கிடச் சொல்லுங்கள். வீவக வீடுகள் தொடர்பான விவரங்களுக்குத் தோ பாயோவாசிகள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. வீவக தலைமையகமான எச்டிபி ஹப் லோரோங் 6ல்தான் இருக்கிறது.

வாடகைக்கு அறை எடுத்திருப்பவர்கள் ஹீட்டர் பிளக்கில் மாட்டப்பட்டிருந்தால் உரிமையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தனியாக வசிக்கும் பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ பார்க்கப் போகும்போது, அவர்கள் வீட்டு மின்பெட்டியைத் திறந்து அந்தச் சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.