கூச்சம் என்றொரு தகுதி

கொல்லிமலையைப் பற்றித் தமிழ் படித்தவர்கள் நாம் பேசாத பேச்சில்லை. கொல்லிப்பாவை குறுந்தொகையிலும் நற்றிணையிலும் திரும்பத் திரும்ப வருகிறாள். ஓரியின் வில் புறநானூற்றில். எம்.ஏ. படிக்கையில் பாவையைப் பற்றிப் பக்கம் பக்கமாக நானும் எழுதியிருக்கிறேன். மலையில் இருக்கிற ஆட்களைப் பற்றி ஒரு கேள்விகூட வினாத்தாளில் வந்ததில்லை.

வாழவந்தி நாடு உள்ளிட்ட கொல்லிமலை நாடுகளில் வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தோடு சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களென அவர்கள் சொல்லும் கதையை 1909இல் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். பேசுவது தமிழ். சிக்கலே அதில்தான். "நம்மள மாதிரியேதானே பேசுறாங்க, இவங்க எப்படிப் பழங்குடி?" என்று கீழே சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். வேற்றுமை என்றால் கண்ணுக்குத் தெரியணும், காதில் விழணும். இல்லாவிட்டால் அது போலி.

இது ஏதோ பாமரக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. பழங்குடியை அடையாளம் காண 1965இல் லோகூர் குழு சொன்ன அளவுகோல்கள் ஐந்து: தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் தனிமை, பின்தங்கிய நிலை, வெளியாரோடு பழகக் கூச்சம். கூச்சம் ஒரு தகுதி! அப்படியானால் தாலுகா ஆபீசில் நிமிர்ந்து நின்று சாதிச் சான்றிதழ் கேட்பவர், கேட்ட கணத்திலேயே தகுதியை இழக்கிறார். விளிம்புநிலையினர் பேச முடியுமா என்று ஸ்பிவாக் 1988இல் கேட்டார். இங்கே கேள்வி புரண்டு கிடக்கிறது: பேசிய பிறகும் அவர்களை விளிம்புநிலையினராக ஏற்பார்களா?

கூச்சத்துக்கு மாவட்ட எல்லையும் உண்டு போலும். 1976 திருத்தத்தில் மலையாளிகள் பழங்குடிகளாவது சேலம், தருமபுரி, வடஆற்காடு, தென்ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டும். கொல்லிமலை அன்று சேலத்தில் இருந்தது, தப்பித்தது. அந்தியூர்ப் பக்கத்துப் பர்கூர் மலை அன்றைய கோவை மாவட்டம். அதே மலையாளிகள்தான், பட்டியலில் இடமில்லை.

பட்டியலில் இருந்தால் மட்டும் பேச்சு எடுபடுமா? தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியும் மலையாளிகளின் ஊர். 1992 ஜூன் 20இல் சந்தன மரம் தேடுவதாக வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் கூச்சப்படவில்லை, நடந்ததைச் சொன்னார்கள். எதிர்த்தரப்பில் பேசியதோ அரசாங்கம். தீர்ப்பு 2011 செப்டம்பரில் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது.