சிறு பள்ளியும் பெரும் பள்ளியும்

மாரிகாலத்திலே காரைதீவிலிருந்து அம்பாறை நோக்கிச் செல்லும் தெருவில் பயணஞ் செய்தவர்கள் மாவடிப்பள்ளியை எளிதில் மறக்கமாட்டார்கள். தெருவின் இருமருங்கிலும் வயல்வட்டை. மழை வலுத்தால் வட்டையெங்கும் ஒரே வெள்ளம். கிழக்கே காரைதீவு, மேற்கே சம்மாந்துறை, சற்று வடக்கே கல்முனை. இவற்றின் நடுவே வயலை நம்பி வாழும் முஸ்லிம் மக்களின் சிற்றூராக மாவடிப்பள்ளி அமைந்திருக்கின்றது. காலை வேளையில் வெள்ளைச் சீருடை அணிந்த சிறுவரும் சிறுமியரும் புத்தகப் பையுடன் அத்தெருவிலே செல்லுங் காட்சி, காண்போர் உள்ளத்தைக் குளிர்விக்கும். ஆனால், அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் தாம் விரும்பிய பாடத்தைக் கற்கும் வாய்ப்பைப் பெறுகின்றனர் என்று எண்ணுமிடத்து, உள்ளத்தில் ஒரு கவலையும் உடன் எழுகின்றது.

அண்மையில், இப்பக்கத்துச் சிற்றூரொன்றைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் விசேட சித்தி பெற்றிருந்தாள். “புள்ளைக்கு சயன்ஸ் படிக்கத்தான் ஆசை, சேர். மழைக்காலத்துல டவுனுக்குப் போய் வாறது எப்படி? ஆர்ட்ஸுக்கு விட்டாலும் படிப்புத்தானே?” என்று கேட்டார். அந்த வாப்பாவின் கேள்வியிலே அறியாமை இல்லை. ஒரு தந்தையின் அச்சமே இருந்தது. அதற்கு நாம் உடனே விடை கூறவில்லை. இக்கட்டுரையே அதற்கு நாம் கூறும் விடை எனலாம்.

நம் நாட்டுப் பாடசாலைகள் நால்வகைப்படும். உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவையும் உடையவை 1ஏபி வகையின. கலைப் பிரிவோடும் வணிகப் பிரிவோடும் நிற்பவை 1சி வகையின. பதினோராம் ஆண்டுடன் முடிவன இரண்டாம் வகை. ஆரம்பக் கல்வியை மையமாகக் கொண்டவை மூன்றாம் வகை. அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழ 10,000 இருப்பினும், பௌதிகவியலும் இரசாயனவியலும் உயிரியலும் இணைந்த கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் அவற்றுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. 2013ஆம் ஆண்டிலே தொழினுட்பப் பிரிவு புதிதாக வந்தது. ஆயினும் அதற்கும் கூடங்கள் வேண்டும், கருவிகள் வேண்டும், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். ஆகவே ஒரு பிள்ளை எத்துறையிற் செல்வது என்பதைப் பல வேளைகளில் அதன் அறிவு தீர்மானிப்பதில்லை. வீட்டுக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையிலுள்ள தூரமே தீர்மானிக்கின்றது.

இத்தூரத்தைக் குறைக்க முயன்றவர்கள் முன்னரும் இருந்தனர். 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாக விளங்கிய ஸி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, நாட்டுப்புறங்களிலே மத்திய கல்லூரிகளை நிறுவினார். அவருடைய காலத்திலே 54 மத்திய கல்லூரிகள் எழுந்தன. இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாம் வகுப்பிலே புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளை இக்கல்லூரிகளில் விடுதியில் தங்கிக் கற்கலாம் என்பது ஏற்பாடு. இங்கு “விடுதி” என்னுஞ் சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஆய்வுகூடத்தைக் கட்டினாற் போதாது, அங்கு பிள்ளை வந்து சேரும் வழியையும் வகுக்க வேண்டும் என்பதைக் கன்னங்கரா உணர்ந்திருந்தார்.

எமது கரையோரத்திலும் இச்சிந்தனை வேரூன்றிய காலம் ஒன்றுண்டு. இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், 1942இலே உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார்கள். இப்பகுதி முஸ்லிம் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கியிருந்த நிலையை நேரிற் கண்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் அமைவதற்கும் அவர்களே காரணராயினர். காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தருக்கும் அஸீஸ் அவர்களுக்கும் நெருங்கிய நட்பு இருந்தது. சுவாமிகள் 1929இலே மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை அமைத்தவர். 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். காரைதீவுத் துறவி ஒருவரும் முஸ்லிம் அதிகாரி ஒருவரும் பிள்ளைகளின் கல்வி பற்றி ஒத்த கவலை கொண்டிருந்தனர் என்பதை நினைக்கும்போது, அவ்வூருக்கு அண்டையிலுள்ள மாவடிப்பள்ளியின் கவலையும் எமது கவலையே என்னும் உணர்வு உறுதிப்படுகின்றது.

இனி, சிறிது கடல் கடந்து செல்வோம். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஜேம்ஸ் பிரையன்ட் கொனன்ட், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றை நேரிற் சென்று பார்வையிட்டு, 1959ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். சோவியத் ருஷ்யாவின் ஸ்புட்னிக் 1957இலே விண்ணேறிய பின், “எமது பிள்ளைகள் விஞ்ஞானத்திற் பின்தங்கிவிட்டனரோ?” என்று அந்நாடே கலங்கிக்கொண்டிருந்த வேளை அது. ஆண்டுதோறும் குறைந்தது 100 மாணவராவது படிப்பு முடித்து வெளியேறாத பள்ளியிலே உயர் கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் அந்நிய மொழிகளுக்கும் தனித்தனித் துறைகளை நடத்துதல் இயலாது என்றார் கொனன்ட். ஆகையாற் சிறு பள்ளிகளை ஒன்றிணைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அவர் கூறிய மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பாடங்களில் மாணவரைத் திறமைக்கேற்பப் பிரித்தாலும், வகுப்புக் கூட்டத்திலும் நாட்டுப் பிரச்சினைகளை ஆராயும் பாடத்திலும் எல்லாத் துறையினரும் கலந்தே அமர வேண்டும். தச்சு வேலை கற்பவனும் கணிதம் கற்பவனும் ஒருவரையொருவர் அறிந்து மதிக்க வேண்டும் என்றார்.

அங்கும் குறை இல்லாமலில்லை. எல்லோருக்கும் பொதுவான பள்ளி என்று பெருமை பேசிய அந்நாட்டின் பல மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகள் வேறு பள்ளிகளிலே வைக்கப்பட்டிருந்தனர். அது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் 1954இலே தீர்ப்பளித்த பின்னரும் அம்மாற்றம் மெல்ல மெல்லவே நிகழ்ந்தது.

கொனன்டின் நூல் வெளிவந்து ஐந்தாண்டுகளின் பின், 1964இல், ரொஜர் பார்க்கர், போல் கம்ப் என்னும் ஆய்வாளர் இருவர் கன்ஸாஸ் மாநிலத்துப் பள்ளிகளை ஆராய்ந்து மறுபக்கத்தைக் காட்டினர். பெரிய பள்ளியிலே பாடங்களும் மன்றங்களும் பல என்பது மெய்யே. ஆனால், நாடகம், வாத்தியக் குழு, விளையாட்டு, மாணவர் சங்கம் ஆகியவற்றிலே பொறுப்பேற்றுச் செயற்படும் வாய்ப்பு ஒவ்வொரு மாணவருக்கும் சிறிய பள்ளியிலேதான் கூடுதலாகக் கிடைத்தது. பெரிய பள்ளியிலே பலர் பார்வையாளராய் இருந்துவிடுவர். சிறிய பள்ளியிலோ ஆளில்லை என்பதனாலேயே கூச்சமுள்ள பிள்ளையும் மேடையேற வேண்டியிருக்கும்.

இவ்வுண்மையைக் காணக் கன்ஸாஸ் வரை செல்ல வேண்டியதில்லை. நமது கிராமப் பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டியை ஒருமுறை பாருங்கள். காலையில் அஞ்சலோட்டம் ஓடிய பையனே மாலையிலே கொடி பிடித்து அணிநடை செல்வான். மறுநாள் மாணவர் மன்றத்திலே செயலாளனாக நின்று அறிக்கை வாசிப்பவனும் அவனே. மீலாத் விழாவிலே கசீதா பாடும் சிறுமி, தமிழ்மொழித் தினப் போட்டியிலே பேச்சாளியாகவும் நிற்பாள். அப்போட்டிகள் வலயம், மாகாணம் என்று படிப்படியாக உயரும்போது, முஸ்லிம் பாடசாலைப் பிள்ளையும் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளையும் ஒரே மேடையிலே ஒரே மொழியில் நின்று வாதிடுவர். வகுப்பறையிலே பிரிந்திருப்போரை இத்தகைய மேடைகளே ஒன்றுசேர்க்கின்றன. பரீட்சைப் பெறுபேறு ஒன்றையே கருதி இவற்றை வீண்பொழுது என்று ஒதுக்கும் பெற்றோர், பிள்ளையின் கல்வியிலே பாதியை ஒதுக்குகின்றனர்.

ஆகவே, பாடத்துறைகளுக்குப் பெரிய பள்ளி நன்று; ஆளுமைக்குச் சிறிய பள்ளி நன்று. பிள்ளைக்கு இரண்டும் வேண்டுமன்றோ! பெரிய பள்ளிக்கு அனுப்பினாற் போதும் என்று இருந்துவிடவும் இயலாது. வழியிலே வெள்ளம் நிற்கின்றது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, மதரஸாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியருகே வெள்ளத்திற் சிக்கிக் கவிழ்ந்தது. இளம் உயிர்கள் பலியாயின. அச்செய்தியை அறிந்த எந்தத் தாயும் தந்தையும் மழைநாளிலே பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்குவதை யார் குறைகூற இயலும்?

இதற்கு வழி உண்டு என்றே நாம் கருதுகின்றோம். கிராமப் பாடசாலை கிராமத்திலேயே இருக்கட்டும். அதன் மன்றங்களும் இல்லங்களும் வளரட்டும். அயலூர்ப் பாடசாலைகள் சில கூடி, ஓர் ஆய்வுகூடத்தையும் விஞ்ஞான ஆசிரியர்களையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். மாரி மாதங்களிலே தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, நகரப் பாடசாலையருகே பாதுகாப்பான விடுதி அமையட்டும். வெள்ளம் தாண்டும் தெருவும் பாலமும் பாடசாலைக் கட்டடத்தைப் போன்றே கல்விச் செலவு எனக் கருதப்படட்டும். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996 முதல் ஒலுவிலிலே இயங்குகின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடமோ மாவடிப்பள்ளிக்கு அடுத்த ஊராகிய சம்மாந்துறையிலே நிற்கின்றது. அப்பீடத்து மாணவர் சனிக்கிழமைகளில் வந்து, கிராமப் பிள்ளைகளுக்கு ஒரு சோதனைக் குழாயையேனும் கையிலே பிடிக்கக் கற்றுத்தருவாராயின் எத்துணை நன்மை! வீட்டுக்கருகே விஞ்ஞான பீடம் இருந்தும் அதன் வாயிலுக்குச் செல்லும் வகுப்பு இல்லையென்றால், ஆற்றங்கரையில் இருந்துகொண்டே தாகத்தால் வாடுவது போலாகுமன்றோ!

அந்த வாப்பாவுக்கு நாம் கூறுவது இதுவே: கலையும் படிப்புத்தான், ஐயமில்லை. தாமாக விரும்பிக் கலை கற்றவர்களாலேயே தமிழும் வாழ்ந்தது, நாடும் வாழ்ந்தது. ஆனால், மழைக்கு அஞ்சித் தெரிந்தெடுத்த படிப்பு, மகள் விரும்பிய படிப்பாகாது. பல்கலைக்கழக விஞ்ஞான பீடங்களிலே மாவட்ட அடிப்படையில் அம்பாறைக்கு ஒதுக்கப்படும் இடங்களுக்கு, விஞ்ஞானம் கற்ற பிள்ளையே போட்டியிட இயலும். ஆதலின், இவ்வாண்டு மாரி தொடங்குமுன் நகரிலே நம்பிக்கையான உறவினர் வீடு ஒன்றைப் பாருங்கள். அயலிலுள்ள நாலு பெற்றோர் கூடி ஒரு வாகனத்தையேனும் ஒழுங்கு செய்யுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே தெருவையும் விடுதியையும் பற்றி உரக்கக் கேளுங்கள்; நாமும் உம்முடன் சேர்ந்து கேட்போம்.

வெள்ளம் வடிந்தபின் வயலிலே நாற்று நிமிர்ந்து நிற்பதைக் கமக்காரர் அறிவார். தம் பிள்ளையும் அவ்வாறு நிமிர்ந்து நிற்பதைக் காணும் பேறு அவர்களுக்குக் கிட்டவேண்டும்.